வெயில் எல்லா மாநிலத்துக்கும் பொதுதானே?

கேள்வி: சூரிய ஒளி மின்சாரமும் காற்றாலை மின்சாரமும் ராஜஸ்தான், குஜராத், கர்நாடகம், தமிழ்நாடு என்று மேற்கிலும் தெற்கிலுமே பெருகுகின்றன. ஜார்க்கண்ட் போன்ற கிழக்கு மாநிலங்கள் ஏன் பின்தங்கி நிற்கின்றன? வெயில் எல்லாருக்கும் பொதுதானே? (வாசகர், நாமக்கல்)

பதில்: காற்றைப் பொறுத்தவரை இயற்கை ஓரவஞ்சனை செய்திருப்பது உண்மை. பாலக்காட்டுக் கணவாயும் ஆரல்வாய்மொழிக் கணவாயும் இல்லாவிட்டால் உடுமலையிலும் முப்பந்தலிலும் இத்தனை காற்றாலைகள் சுழன்றிருக்க மாட்டா. வெயில் அப்படியன்று. தார்ப் பாலைவனத்தில் வெயில் கூடுதல்தான் என்றாலும், இரு பகுதிகளின் வளர்ச்சிக்கும் இடையே உள்ள பெரும் இடைவெளியை அது ஒன்றே விளக்கிவிடாது.

முதல் தடை நிலம். ராஜஸ்தானின் பாட்லாவில் 2,245 மெகாவாட் பூங்கா அமைப்பதற்கு மணற்பாங்கான தரிசு நிலம் ஒரே பரப்பாகக் கிடைத்தது. ஜார்க்கண்டில் காடும் துண்டு வயல்களும் அதிகம். பழங்குடியினர் நிலம் பிறர் கைக்குப் போவதை 1908ஆம் ஆண்டின் சோட்டா நாக்பூர் குத்தகைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. (அச்சட்டத்தை வளர்ச்சிக்கு முட்டுக்கட்டை என்று சொல்வோருடன் எனக்கு உடன்பாடில்லை, அது இருந்தும் சுரங்கங்களுக்காக அம்மக்கள் இழந்த நிலம் கொஞ்சமன்று.)

நிலத்தைவிடப் பெரிய காரணம் மின்தடம், அதாவது மின்சாரத்தைத் தொலைவுக்குக் கொண்டுசெல்லும் கம்பிவழி. புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்காக மத்திய அரசு வகுத்த பசுமை மின்வழித்தடத் திட்டத்தின் முதல் கட்டத்தில் 8 மாநிலங்கள் இடம்பெற்றன. அவற்றுள் கிழக்கு மாநிலம் ஒன்றுகூட இல்லை. தடம் இருக்கும் இடத்தைத் தேடித்தான் அடுத்த முதலீடும் வரும். இது போதாதென்று, 2025 ஜூன் இறுதிக்குள் இயங்கத் தொடங்கிய சூரிய, காற்றாலைத் திட்டங்களுக்கு, மாநிலம் விட்டு மாநிலம் மின்சாரம் கொண்டுசெல்லும் கட்டணத்தை மத்திய அரசு தள்ளுபடி செய்ததால், பாலைவனத்து மின்சாரத்தைக் கிழக்கே கொண்டுவந்து விற்பது மலிவாயிற்று. உள்ளூரில் ஆலை வைக்க வேண்டிய தேவை குறைந்தது. 1950களில் தொடங்கி 1990களின் தொடக்கம் வரை நீடித்த சரக்குக் கட்டணச் சமன்பாட்டுக் கொள்கையும் இதையேதான் செய்தது. நிலக்கரியும் எஃகும் தொலைவு பாராமல் நாடெங்கும் ஏறத்தாழ ஒரே விலையில் கிடைத்தபோது, கனிமத்தின் பக்கத்திலேயே தொழில் தொடங்கும் ஆதாயத்தைக் கிழக்கு மாநிலங்கள் இழந்தன. அன்றும் இன்றும் நாட்டின் நலனுக்காக என்றே சலுகை தரப்பட்டது. இரண்டு முறையும் நட்டம் ஒரே பகுதிக்கு.

மின்சாரத்தை வாங்கும் மாநிலத்தின் பணவலிமையும் ஒரு காரணம். மின்சாரம் வழங்கும் பொதுத்துறை அமைப்பான தாமோதர் பள்ளத்தாக்குக் கழகத்துக்கான மின்கட்டண நிலுவைக்காக 2020இல் ஜார்க்கண்டின் ரிசர்வ் வங்கிக் கணக்கிலிருந்து 1,417 கோடி ரூபாயை மத்திய அரசு பிடித்துக்கொண்டது. இப்படிப்பட்ட நிலையில் உள்ள மாநிலத்துடன் 25 ஆண்டு ஒப்பந்தம் செய்ய எந்த முதலீட்டாளரும் தயங்குவார்.

கேள்வி: நிலக்கரி குறையும்போது ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களின் வருவாய் இழப்பை யார் ஈடுசெய்வது? (வாசகி, திருநெல்வேலி)

பதில்: இன்றைய சட்டப்படி யாரும் இல்லை. நிலக்கரி விலையில் பெரும்பாலும் 14 விழுக்காடு உரிமத்தொகையாக (ராயல்டி) மாநிலத்துக்குச் செல்கிறது. நீர்மின் திட்டம் அமையும் மாநிலத்துக்குக்கூட 12 விழுக்காடு மின்சாரம் இலவசமாகக் கிடைக்கும் ஏற்பாடு உண்டு. வெயிலுக்கு அப்படி உரிமத்தொகை கிடையாது.

ஜெர்மனி தன் நிலக்கரிப் பகுதிகளுக்கு 4,000 கோடி யூரோ வரை ஒதுக்க 2020இல் சட்டமே இயற்றியது. நம்மிடம் உள்ளது, சுரங்க நிறுவனங்கள் செலுத்தும் பணத்தைச் சுரங்கப் பகுதி மக்களுக்காகச் செலவிட 2015இல் உருவான மாவட்டக் கனிம நிதியம். அதுவும் உரிமத்தொகையை ஒட்டியே கணக்கிடப்படுவதால், சுரங்கம் ஓயும்போது நிதியமும் வற்றிவிடும். ஆகவே அந்தப் பணத்தைக் கட்டடங்களில் முடக்காமல், தொழிலாளரின் பிள்ளைகளுக்கான வேறு தொழிற்பயிற்சிக்கும், கைவிடப்பட்ட சுரங்க நிலங்களைச் சீரமைத்து அங்கேயே சூரிய மின்தகடுகள் நிறுவுவதற்கும் இப்போதே செலவிட வேண்டும் என்பது என் கருத்து. 1916 முதல் நிலத்தடியில் தீ எரிந்துவரும், ஜார்க்கண்டின் நிலக்கரிப் பகுதியான ஜரியா போன்ற இடங்களில் சீரமைப்பே பல்லாண்டு வேலை.

கேள்வி: சூரிய மின்பூங்கா வந்த ஊர்களாவது செழித்தனவா? (வாசகர், ஓசூர்)

பதில்: உங்களுக்கு அண்டை மாநிலத்திலேயே பதில் இருக்கிறது. கர்நாடகத்தின் பாவகடாவில் சுமார் 13,000 ஏக்கரை விலைக்கு வாங்காமல், ஏக்கருக்கு ஆண்டுக்கு 21,000 ரூபாய் என்ற தொடக்க வாடகையில் குத்தகைக்கு எடுத்தார்கள். வறட்சியில் வாடிய நில உடைமையாளருக்கு இது நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த வயல்களில் கூலி வேலை செய்தவர்களுக்கும் ஆடு மேய்த்தவர்களுக்கும் வாடகையில் பங்கு இல்லை. கட்டுமானம் முடிந்தபின் பூங்காவில் கிடைக்கும் காவல், தகடு துடைப்பு போன்ற வேலைகளும் சிலருக்கே போதுமானவை.