எல்லைக் காவல் அணித் தலைமையை விரும்பும் மகன்: ஒட்டுசுட்டான் தாயொருவருக்குப் பதில்

அன்புள்ள அம்மாவுக்கு,

சாதாரண தரப் பெறுபேறு வந்த கையோடு படிப்பை நிறுத்திவிட்டு எல்லைக் காவலில் சேரப்போவதாக உங்கள் மகன் பிடிவாதமாக நிற்பதையும், சீருடை என்ற பேச்செடுத்தாலே வீட்டிலுள்ள பெரியவர்கள் கலங்குவதையும் எழுதியிருந்தீர்கள். 2009ஐக் கடந்து வந்த வன்னிக் குடும்பமொன்றிடம் அந்தக் கலக்கத்துக்குக் காரணம் கேட்க எவருக்கும் உரிமையில்லை. சேர்வதா இல்லையா என்பதை நீங்களே கூடிப் பேசித் தீர்மானியுங்கள். ஆனால், உயர்தரம் படிக்காமல் இப்போதே சேரலாமா என்று கேட்டிருந்தீர்களே, அதற்கு என் பதில்: கூடாது.

இலங்கைக்குத் தரை எல்லை கிடையாது. படங்களில் வரும் முள்வேலியும் காவற்கோபுரமும் 1965இல் தொடங்கப்பட்ட இந்திய எல்லைப் பாதுகாப்புப் படைக்கு உரியவை. இலங்கைப் பிரசைக்கு அங்கே இடமில்லை. நமது எல்லை, இந்தியாவுடன் 1974இலும் 1976இலும் செய்துகொண்ட உடன்படிக்கைகள் கடலில் வகுத்த கோடு. கடலில் அதைக் காப்பவை கடற்படையும், 2009ஆம் ஆண்டின் 41ஆம் இலக்கச் சட்டத்தின்படி அமைந்த கரையோரப் பாதுகாப்புத் திணைக்களமும் ஆகும். துறைமுகங்களிலும் விமான நிலையங்களிலும் அந்தப் பொறுப்பு குடிவரவு குடியகல்வுத் திணைக்களத்துக்கும் சுங்கத்துக்கும் உரியது.

மகன் விரும்புவது அணியை வழிநடத்துவதை. அது திறமையால் மட்டும் கிடைப்பதல்ல. எந்தப் படியில் உள்ளே நுழைகிறார் என்பதே பெரும்பாலும் அதைத் தீர்மானிக்கிறது. சாதாரண தரத்தோடு மாலுமியாகச் சேருபவர் நல்ல தொழிலைக் கற்றுக்கொள்வார்; ஆனால் ஒரு படகின் பொறுப்பு அவர் கைக்கு வர நீண்ட காலம் செல்லும், வராமலும் போகலாம். உயர்தரம் சித்தியடைந்து கடற்படைக்குப் பயிலுநர் அதிகாரியாகத் தெரிவாகுபவர் திருகோணமலையிலுள்ள கடற்படைக் கல்லூரியில் பயின்று, கப்பலில் கடற்பயிற்சி முடித்து, உப லெப்டினன்ட், லெப்டினன்ட் என உயரும்போதே சிறிய சுற்றுக்காவற் படகொன்றை ஏற்று நடத்தும் நிலைக்கு வந்துவிடுவார். கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்திலும் பொறுப்பான பதவிகளில் கடற்படையிலிருந்து இணைக்கப்பட்ட அதிகாரிகள் பலர் இருக்கிறார்கள் என்பதால், அங்கே செல்ல நினைத்தாலும் இந்த வழி வீணாகாது. இரண்டு ஆண்டுப் படிப்பைச் சுமையாக எண்ணித் தவிர்த்தால், அதன் விலையைப் பணிக்காலம் முழுவதும் செலுத்த வேண்டியிருக்கும்.

அணித் தலைவரின் வேலை துரத்துவதும் பிடிப்பதுமே என்று மகன் நினைத்தால், அந்த எண்ணத்தை இப்போதே திருத்துவது நல்லது. இரவில் ராடார் திரையில் தெரியும் புள்ளிகளில் எது மன்னார்ப் பேசாலை மீனவரின் சிறுபடகு, எது எல்லைக் கோட்டைத் தாண்டி வந்த இந்திய இழுவைப் படகு என்று அவர் பிரித்தறிய வேண்டும். கடலடியை வாரி மீன்பிடிக்கும் அடிமட்ட இழுவைமடி 2017 முதல் இந்நாட்டில் தடைசெய்யப்பட்டிருக்கிறது. என்றாலும் ஒரு படகைத் தடுத்த இடமும் நேரமும் பதிவேட்டில் பிழையாக எழுதப்பட்டால், நீதிமன்றத்தில் அந்த வழக்கு நிற்காது. ஆகவே தலைவர் துல்லியமாக எழுதத் தெரிந்தவராகவும், சட்டம் அறிந்தவராகவும், பதற்றமான வேளையில் தன் அணியின் கையைக் கட்டுப்படுத்தக் கூடியவராகவும் இருக்க வேண்டும். மூன்றாவதுதான் கடினமானது. பொருளாதார நெருக்கடி முற்றிய 2022இல் மன்னார்க் கரையிலிருந்து பிள்ளைகளோடு தனுஷ்கோடிக்குப் படகேறிய குடும்பங்களை நீங்கள் அறிவீர்கள். அத்தகைய படகொன்றைக் கடலில் மறிக்கவும், அது கவிழாமல் காத்து எல்லோரையும் உயிரோடு கரைசேர்க்கவும் கட்டளையிடுபவர் இந்தத் தலைவர்தான். அந்தக் கட்டளையைத் தன்னால் இட முடியுமா என்று மகன் தன்னையே கேட்டுப் பார்க்கட்டும்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பயிற்சியும் கட்டளையும் பெரும்பாலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் நடக்கும்; தமிழ்ப் பிள்ளைகள் அங்கே மிகச் சிலரே என்பதால் தொடக்க காலத்தில் தனிமையும் இருக்கும். அதே வேளை, பாக்கு நீரிணையில் பிடிபடுபவர் பெரும்பாலும் தமிழே பேசுகிறார். மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் அவர் சொல்வதை விளங்கிக்கொள்ளக்கூடிய அதிகாரி, என் கணிப்பில், அந்தப் படகிலேயே மிகவும் பயனுள்ளவர்.

வீட்டார் ஆயுதப் பணிக்கு இறுதிவரை சம்மதிக்காவிட்டால், குடிவரவும் சுங்கமும் இருக்கின்றன. சுங்க உதவி அத்தியட்சகர் பதவிக்குப் பட்டமும் போட்டிப் பரீட்சையும் வேண்டும். 2019இல் பலாலி சர்வதேச விமான நிலையமும், 2023இல் நாகபட்டினம் – காங்கேசன்துறைக் கப்பற்சேவையும் தொடங்கியதால், இத்தகைய பணிக்கு வடக்கிலும் இடமுண்டு. இதுவும் எல்லைக் காவல்தான். மகன் இதை இரண்டாந்தரமாகப் பார்க்க வேண்டியதில்லை.

உயர்தரத்தில் கணிதப் பிரிவு கிடைத்தால் எடுக்கட்டும். கடல்வழி கணிப்பதற்கு அது துணைநிற்கும். ஆங்கிலத்தோடு சிங்களமும் இப்போதே தொடங்க வேண்டும். குளத்தில் நீந்தியது போதாது, முல்லைத்தீவுக் கடலில், தெரிந்தவர் துணையோடு பழகட்டும். வயது, உயரம், பாடத் தேவைகள் அறிவித்தலுக்கு அறிவித்தல் மாறக்கூடும் என்பதால், யாரோ சொன்னதை நம்பாமல் வர்த்தமானியையும் கடற்படையின் அறிவித்தலையும் நேரடியாகப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் முன்னர் அவரை முல்லைத்தீவு வைத்தியசாலைக்குக் கூட்டிச் சென்று நிறப்பார்வையைச் சோதியுங்கள். கப்பலின் இடப்பக்கச் சிவப்பு விளக்கையும் வலப்பக்கப் பச்சை விளக்கையும் பிரித்தறிய முடியாதவர் கடற்பணிக்குத் தெரிவாக முடியாது. அந்தக் குறை இருப்பின், பாடத் தெரிவுக்கு முன்னரே தெரிந்துகொண்டால் சுங்கத்தையோ குடிவரவையோ மனதில் வைத்துப் பிரிவைத் தெரிவுசெய்யலாம்.