எண்ணெய்க் கசிவும் மரபணு அச்சமும்: எண்ணூர் வாசகிக்குப் பதில்

கேள்வி: எண்ணூர் முகத்துவாரத்துக்கு அருகே குடியிருக்கிறோம். 2023 டிசம்பர் வெள்ளத்தோடு வந்த எண்ணெயை என் கணவர் கையுறைகூட இல்லாமல் அள்ளினார். வீட்டுக்குள் படிந்ததை நான் கழுவினேன். இருவருக்கும் அரிப்பும் மூச்சிரைப்பும் விட்டுவிட்டு வருகின்றன. இது மரபணுவைக் கெடுத்து, பிறக்கும் பிள்ளைகளையும் பாதிக்கும் என்கிறார்கள். மரபணுப் பரிசோதனை செய்தால் வழக்குப் போட முடியுமா?

பதில்: சகோதரி, அந்தப் பரிசோதனைக்காகக் கடன் வாங்காதீர்கள். வழக்குத் தொடுக்க அது தேவையில்லை.

உங்கள் அச்சத்துக்கு அடிப்படை உண்டு. 2002-இல் ஸ்பெயினின் கலீசியா கடற்பகுதியில் 'பிரெஸ்டீஜ்' என்ற எண்ணெய்க் கப்பல் மூழ்கியது. எண்ணெயை அகற்றிய மீனவர்களின் ரத்த அணுக்களில் இரண்டு ஆண்டுகள் கழித்தும் குரோமோசோம் (மரபணுக்களைத் தாங்கும் இழை) சிதைவு கூடுதலாக இருந்தது. ஆனால் அது ஒரு குழுவை இன்னொரு குழுவோடு ஒப்பிட்டுக் கண்டது. உங்கள் ஒருவர் ரத்தத்தில் சிதைவு தெரிந்தால், "இது வாகனப் புகையால் வந்ததில்லை என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" என்று எதிர்த்தரப்பு கேட்கும். பரிசோதனைச் சீட்டில் அதற்குப் பதில் இருக்காது. ரத்த அணுவில் சிதைவு இருப்பதாலேயே அது பிள்ளைக்கும் போய்விடும் என்று பொருள் இல்லை. அந்தக் கவலையில் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

நான் கவலைப்படுவது கெடுவைப் பற்றித்தான். சுற்றுச்சூழல் வழக்குகளை விசாரிக்கும் தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்துக்கான 2010-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு 15-இன்படி, இழப்பீட்டுக்கான காரணம் முதன்முதலில் எழுந்த நாளிலிருந்து 5 ஆண்டுகளுக்குள் இழப்பீடு கோர வேண்டும். தக்க காரணம் காட்டினால் மேலும் 60 நாட்கள் கிடைக்கலாம். நோய் பத்து ஆண்டு கழித்தும் வெளிப்படலாம். சட்டம் அவ்வளவு காலம் காத்திருக்காது. இது கொடுமைதான். 2028 டிசம்பரைக் கடைசி எல்லையாக வைத்து இப்போதே மனுச் செய்யுங்கள். தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு இந்தக் கசிவைத் தானாக முன்வந்து விசாரணைக்கு எடுத்தது உண்மை. அதனால் உங்கள் தனிக் கோரிக்கை பதிவாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். விபத்தால் நேர்ந்த பாதிப்பு என்றால், பிரிவு 17-இன்படி எதிர்த்தரப்பின் தவறை நீங்கள் நிரூபிக்க வேண்டியதில்லை.

மனுவில் இதுவரை ஆன மருத்துவச் செலவையும் இழந்த கூலியையும் கேளுங்கள். அதைவிட முக்கியமாக, குடியிருப்பு முழுவதற்கும் நீண்டகால மருத்துவக் கண்காணிப்பைக் கோருங்கள். போபால் விஷவாயு வழக்கில் 1991-இல் உச்ச நீதிமன்றம், அன்று அறிகுறி இல்லாமல் பின்னர் நோயுறக்கூடியவர்களுக்கும், இனிப் பிறக்கவிருந்த குழந்தைகளுக்கும் மருத்துவக் காப்பீடு அளிக்கச் சொன்னது. உங்கள் அச்சத்துக்கு நேரடியாகப் பொருந்தும் முன்னுதாரணம் இதுதான். தெருவே சேர்ந்து கேட்டால் இன்னும் வலுவாக இருக்கும்.

அரசு மருத்துவமனையின் புறநோயாளிச் சீட்டுகள், குடும்ப அட்டை, எண்ணெய் படிந்த வீட்டின் படங்கள் ஆகியவற்றைப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த முறை மருத்துவரைப் பார்க்கும்போது, எண்ணெயைத் தொட்ட விவரத்தைச் சீட்டில் எழுதச் சொல்லுங்கள். மாசு கட்டுப்பாட்டு வாரியத்தின் ஆய்வு முடிவுகளைத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் கேளுங்கள்.

மனுக் கட்டணம், நீங்கள் கோரும் இழப்பீட்டுத் தொகையில் 1 சதவீதம். வறுமைக் கோட்டுக்குக் கீழே இருப்பவர்களுக்கு இல்லை. பெண் என்ற முறையிலேயே உங்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு. மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவை அணுகுங்கள். அரசு நிவாரணம் ஏதேனும் வாங்கியிருந்தால் அதை மனுவில் மறைக்காமல் எழுதிவிடுங்கள்.