டிராஃப்டில் பெயர் வராத பாயிண்ட் கார்ட்

கேள்வி: கல்லூரிக் கூடைப்பந்தில் கலக்கிய ஒரு பாயிண்ட் கார்டை (பந்தைக் கொண்டுபோய் ஆட்டத்தை நடத்துகிற வீரரை) என்.பி.ஏ. டிராஃப்டில், அதாவது அந்தத் தொழில்முறை லீக்கின் அணிகள் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கிற நிகழ்வில், யாருமே எடுக்கவில்லை என்றால், அதோடு அவர் கதை முடிந்ததா?

பதில்: முடியவே முடியாது, ஃபிரெட் வான்வ்லீட்டைப் பாருங்கள். விசிட்டா ஸ்டேட் பல்கலைக்கழக அணியில் முதல் வருடமே, 2013-ல், தேசியக் கல்லூரிப் போட்டியின் அரையிறுதியான ஃபைனல் ஃபோர் வரை போனார், அடுத்த சீசனில் அந்த அணி தொடர்ச்சியாக 35 ஆட்டங்களை வென்று கடைசியில் கென்டக்கி பல்கலைக்கழக அணியிடம்தான் தோற்றது. அப்படியும் 2016 டிராஃப்டில் வாசித்த 60 பெயர்களில் அவர் பெயர் இல்லை. உயரம் ஆறடிதான், அதுதான் பலருக்கும் தயக்கம். டொராண்டோ ராப்டர்ஸ் அணி கூப்பிட்டது, போனார். அப்புறம் அவர்களுடைய கிளை அணியான ராப்டர்ஸ் 905-லும் முகம் சுளிக்காமல் ஆடினார்.

என்னைக் கேட்டால், அவரைக் காப்பாற்றியது கல்லூரியில் நான்கு வருடம் முழுசாக ஆடியதுதான். பந்தை வீணாக்காமல், யாருக்கு எப்போது கொடுக்க வேண்டும் என்று நிதானமாக முடிவெடுக்கிற பழக்கம் அங்கே வந்தது, பாயிண்ட் கார்டுக்கு அதைவிட என்ன வேண்டும்? 2019 என்.பி.ஏ. இறுதிச் சுற்றின் ஆறாவது ஆட்டத்தில், கோப்பை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தபோது, 22 புள்ளிகள் எடுத்தார், அதில் 12 கடைசிக் கால்பகுதியில். 2022-ல் லீக்கின் சிறந்த வீரர்கள் ஆடும் ஆல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தேர்வானார். அடுத்த வருடமே ஹூஸ்டன் ராக்கெட்ஸ் பெரிய ஒப்பந்தம் கொடுத்து அழைத்துக்கொண்டது.