ஆன்டெனாவின் பெயர் யாருக்குச் சேரும்? – கேள்வி பதில்

கேள்வி: வரிசையாக உலோகக் கம்பிகள் கொண்ட யாகி ஆன்டெனாவை உருவாக்கியவர் உடா என்றும், பேராசிரியர் யாகி அவருடைய உழைப்பைத் தம் பெயரில் போட்டுக்கொண்டார் என்றும் சொல்கிறார்களே, உண்மையா ஐயா?

பதில்: பாதி உண்மை. ஜப்பானின் தொஹோகு பல்கலைக்கழகத்தில் ஹிதெட்சுகு யாகி பேராசிரியராக இருந்தபோது, எலிமென்ட்டுகளின், அதாவது ஆன்டெனாவின் அந்தக் கம்பிகளின், நீளத்தையும் இடைவெளியையும் மாற்றி மாற்றி அளந்து பார்த்த வேலையில் பெரும்பகுதியைச் செய்தவர் அவருக்குக் கீழே பணியாற்றிய ஷிந்தாரோ உடா. அந்த முடிவுகளை 1926 முதல் ஜப்பானிய மொழியில் தொடர் கட்டுரைகளாக எழுதியவரும் அவரே. அதே ஆண்டில் இருவர் பெயரிலும் ஓர் ஆங்கிலக் கட்டுரை வந்தது. ஆனால் காப்புரிமை யாகியின் பெயரில் மட்டும் எடுக்கப்பட்டது. 1928இல் அமெரிக்க ஆய்விதழில் வெளிவந்து உலகின் கண்ணில் பட்ட கட்டுரையும் அவர் ஒருவர் பெயரிலேயே இருந்தது. ஜப்பானிய மொழி அறியாதவர்களுக்குத் தெரிந்த பெயர் ஒன்றுதான் என்பதால் அதுவே நிலைத்துவிட்டது. அந்தக் கட்டுரைக்குள்ளேயே உடாவின் பணியை யாகி குறிப்பிட்டிருக்கிறார் என்பதை, இதை வைத்துச் சண்டையிடுவோர் பலர் கவனிப்பதில்லை. ஆகவே இதைத் திருட்டு என்று நான் சொல்லமாட்டேன். காப்புரிமையில் இரண்டாவது பெயர் விடுபட்டதுதான் எனக்கு உறுத்துகிறது. 'யாகி-உடா' என்று எழுதுவதே முறை.

கேள்வி: மையத்திலிருந்து விலக்கிக் கோஆக்சியல் கேபிளை இணைக்கும் டைபோலை (இரு கைகளாக நீளும் கம்பி ஆன்டெனாவை) 'விண்டம்' என்று அழைக்கலாமா?

பதில்: பேச்சுவழக்கில் அழைக்கிறார்கள், நான் அழைப்பதில்லை. லோரன் விண்டம் 1929 செப்டம்பர் 'கியூஎஸ்டி' என்ற அமெச்சூர் வானொலி இதழில் விவரித்த ஆன்டெனாவுக்கு ஒற்றைக் கம்பிதான் ஃபீடர் (வானொலிக் கருவியோடு ஆன்டெனாவை இணைப்பது), கேபிளே கிடையாது. அதன் ஆய்வும் அவருடையதன்று. ஓஹியோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் எவரிட், பர்ன் முதலியோர் செய்தது. விண்டம் அதை மறைக்கவில்லை, கட்டுரையிலேயே நன்றியோடு சொல்லியிருந்தார். தமக்கு உரிமையில்லை என்று ஒருவர் தாமே எழுதி வைத்த பிறகும் பெயர் அவர் தலையிலேயே விழுந்தது என்றால், பெயரை வைத்து உரிமையைத் தீர்மானிப்பது எவ்வளவு ஆபத்தானது என்று பாருங்கள்.

கேள்வி: குவாட் எனும் சதுர வளைய ஆன்டெனாவிலும் இப்படிச் சர்ச்சை உண்டா?

பதில்: அதன் தோற்றம் ஓரளவு தெளிவானது. ஈக்வடாரின் கீட்டோ நகரம் மிக உயரத்தில் இருப்பதால், அங்கிருந்த ஹெச்சிஜேபி வானொலி நிலையத்தில் மெல்லிய காற்றில் எலிமென்ட் முனைகளில் மின்னிறக்கம் ஏற்பட்டு அலுமினியமே உருகியது. முனையே இல்லாத மூடிய வளையமாக எலிமென்ட்டை மாற்றிய கிளாரன்ஸ் மூர், 1951இல் காப்புரிமை பெற்றார்.

கேள்வி: ஜி5ஆர்வி ஆன்டெனாவின் நீளங்களை மாற்றி, எனக்கு நல்ல பலன் தரும் வடிவம் ஒன்றைக் கண்டேன். என் அழைப்புக்குறியை (அமெச்சூர் வானொலி உரிமத்தோடு தரப்படும் அடையாளக் குறியை) அதற்குச் சூட்டலாமா?

பதில்: நீளத்தைக் கத்தரித்ததற்காக மட்டும் என்றால் வேண்டாம். ஜி5ஆர்வி என்ற அழைப்புக்குறிக்கு உரிய லூயி வார்னி 102 அடிக் கம்பியை 14 மெகாஹெர்ட்சில் மூன்று அரையலை நீளமாகக் கணக்கிட்டு அமைத்தார். பின்னர் பிரையன் ஆஸ்டின் கம்பியைக் குறுக்கி, ஃபீடரை நீட்டி, பல அலைவரிசைப் பட்டைகளில் டியூனர் (ஆன்டெனாவைக் கருவியோடு பொருத்தும் சாதனம்) இல்லாமலே பொருந்துமாறு கணினியில் கணக்கிட்டார். அது அவருடைய இசட்எஸ்6பிகேடபிள்யூ என்ற அழைப்புக்குறியால் அறியப்படுகிறது. அவர் வார்னியின் வடிவத்திலிருந்து தொடங்கியதை ஒளிக்கவில்லை. உங்களிடமும் அளவீடுகள் இருந்து, மூலத்தையும் குறிப்பிட்டால் வெளியிடுங்கள். பெயரை மற்றவர்கள் வைக்கட்டும்.

கேள்வி: நான் வாய்மொழியாகச் சொன்ன யோசனையை நண்பர் தம் பெயரில் கட்டுரையாக்கிவிட்டார். என்ன செய்வது?

பதில்: முதலில் பழைய இதழ்களில் தேடிப் பாருங்கள்; 1930களிலேயே யாராவது அதை வரைந்திருக்க வாய்ப்பு அதிகம். அப்படி எதுவும் இல்லையென்றால், தேதியிட்ட வரைபடத்தையும் எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ஃபீடரோடு எவ்வளவு பொருந்துகிறது என்று காட்டும் எண்) அளவீட்டையும் நண்பருக்குக் காட்டி, அடுத்த இதழில் ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். தேதியிட்ட தாள் இல்லையென்றால் ஆசிரியரிடம் போய்ப் பயனில்லை.