வீட்டு சர்வர்: அசெம்பிள் பண்றதா, ரெடிமேடா வாங்குறதா?

மண்டபத்தில் கம்ப்யூட்டர் சர்வீஸ் பார்க்கிறேன். போட்டோ, வீடியோ, கடைக் கணக்கு எல்லாவற்றையும் வீட்டிலேயே ஒரு சர்வர் (எந்நேரமும் ஓடி ஃபைல்களைச் சேர்த்து வைத்துக் கொடுக்கும் கம்ப்யூட்டர்) வைத்துப் போட்டுக்கொள்ளலாமா என்று தங்கச்சிமடத்திலிருந்து தொண்டி வரை பல பேர் கேட்டுவிட்டார்கள். மதுரைக்காரருக்குச் சொல்லும் பதில் நமக்குச் சரிப்படாது. நம் ஊரில் முதல் கேள்வி விலையோ வேகமோ இல்லை, கடலோர உப்புக் காற்றுதான். வந்த கேள்விகளையும் நான் சொன்ன பதில்களையும் இங்கே எழுதுகிறேன்.

அண்ணே, தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வச்சிருக்கேன். கல்யாண வீடியோ, போட்டோ எல்லாம் சேர்ந்து 8 டிபி ஆயிருச்சு. அசெம்பிள் செட் போடவா, ரெண்டு டிஸ்க் போடுற ரெடிமேட் நாஸ் பெட்டி (நெட்வொர்க்கில் ஃபைல் வைக்கிற பெட்டி) வாங்கவா?

தம்பி, உன் ஒருத்தனுக்கு மட்டும் அசெம்பிள்தான் சொல்வேன். வருஷா வருஷம் டிஸ்க் கூடும், ரெண்டு இடம் உள்ள பெட்டி சீக்கிரம் நிறைந்துவிடும். இன்னொரு காரணமும் உண்டு. ரெடிமேட் நாஸில் போர்டு போனால் அந்தக் கம்பெனி போர்டுதான் வேண்டும். அதற்காக மதுரைக்கோ சென்னைக்கோ அனுப்பிவிட்டு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். அசெம்பிள் செட்டில் எஸ்எம்பிஎஸ் (பவர் சப்ளை) போனால் அன்றைக்கே ராமநாதபுரத்தில் வாங்கி மாட்டிவிடலாம். பெரும்பாலான வாரண்டியில் துரு, அரிமானம் சேராது என்பதையும் வாங்குவதற்கு முன்னால் படித்துக்கொள்.

ஆனால் கடைக்காரர் காட்டுகிற, கண்ணாடி வைத்து ஆறு ஃபேன் சுற்றும் கேபினட்டை எடுக்காதே. ஒவ்வொரு ஃபேனும் உள்ளே உப்பை இழுக்கிற வாய். போன கச்சான் காற்றுக் காலத்தில் கடலுக்குப் பக்கத்து வீட்டுச் செட் ஒன்றை என் மேஜையில் திறந்தேன். ஃபேன் இறக்கையின் முன் விளிம்பில் வெள்ளையாக ஒரு பொருக்கு. சூட்டைத் தணிக்கும் ஹீட்சிங்க் தகடுகளுக்கு நடுவே திருநீறு மாதிரி அலுமினியப் பொடி. ராம் மெமரியைக் கழற்றினால், தங்க முலாம் தேய்ந்த இடங்களில் பச்சையாகக் களிம்பு ஏறியிருந்தது. பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்து, ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் துடைத்து மாட்டியதும் ஓடியது. ஸ்லாட்டுக்குள்ளேயும் அந்தக் களிம்பு இருந்தது, அது எத்தனை நாளைக்குத் தாங்கும் என்று நான் உறுதி கொடுக்கவில்லை.

பெரிதாக, மெதுவாகச் சுற்றும் ஒரே ஃபேன், அதன் முன்னால் கழுவக்கூடிய ஃபில்டர். அது போதும். கிராபிக்ஸ் கார்டு வேண்டாம்.

அப்போ ரெய்டு போட்டுட்டா பேக்கப் வேண்டாம்ல அண்ணே?

வேண்டும். ரெய்டு என்பது ஒரே ஃபைலை ரெண்டு டிஸ்கிலும் எழுதும் ஏற்பாடு, ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமல் பார்த்துக்கொள்ளும், அவ்வளவுதான். நீ தவறுதலாக அழித்தால் ரெண்டு டிஸ்கிலும் அழியும். இடி இறங்கினால் ரெண்டும் சேர்ந்து போகும். 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடியைக் கடலுக்குக் கொடுத்த கரை இது. ஒரே கூரைக்கு அடியில் எத்தனை காப்பி வைத்தாலும் அது ஒரு காப்பிதான். பரமக்குடியிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீட்டில் ஒரு டிஸ்க் இருக்கட்டும், மாதம் ஒருமுறை மாற்றிக்கொண்டு வா. மாற்றும்போது பத்து ஃபைலையாவது திறந்து பார். நான் ஒருமுறை பார்க்காமல் விட்டேன். கஸ்டமர் ஒருவரின் மகள் வளைகாப்பு வீடியோ அதில் போனது. இன்றைக்கும் அவர் முகத்தைப் பார்த்தால் எனக்குத் தாங்காது.

காக்கா, கீழக்கரை. வாப்பா துபாயில இருக்காங்க. பிள்ளைங்க போட்டோவ அங்கேருந்து பாக்கணும். என்ன வாங்கலாம்?

உங்களுக்கு அசெம்பிள் தேவையே இல்லை தம்பி. இன்டெல் என்100 சிப் போட்ட மினி பிசி ஒன்று வாங்குங்கள். 2023-இல் வந்த சிப், 4 கோர், 6 வாட் அளவு. இம்மிச் என்ற போட்டோ சாப்ட்வேரைப் போட்டால் போட்டோவெல்லாம் போனிலிருந்து தானாக ஏறும். ஃபேன் இல்லாத மாடல் கிடைத்தால் இன்னும் நல்லது, பெட்டியே சூட்டை வெளியே விடும், உப்பை உள்ளே இழுக்காது.

உங்கள் சிக்கல் பெட்டியில் இல்லை, லைனில் இருக்கிறது. ரவுட்டருக்குள் போய் வெளிப்பக்க ஐபி (இன்டர்நெட்டில் உங்கள் லைனின் முகவரி எண்) என்ன என்று பாருங்கள். 100.64-லிருந்து 100.127 வரைக்குள் ஆரம்பித்தால், பல வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது ஐபி கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அதில் போர்ட் ஃபார்வர்டு (வெளியிலிருந்து வருவதை ரவுட்டர் சர்வருக்குத் திருப்பிவிடும் செட்டிங்) எத்தனை தடவை செய்தாலும் துபாயிலிருந்து கதவு திறக்காது. ஸ்டாட்டிக் ஐபி (உங்களுக்கு மட்டுமான மாறாத ஐபி) காசு கொடுத்து வாங்கலாம். அதைவிட, உங்கள் கருவிகளை மட்டும் தனியாக இணைக்கும் டெயில்ஸ்கேல் என்ற ஆப்பைப் போட்டு, வாப்பா போனிலும் அதையே போட்டுவிடுங்கள். வெளியுலகத்துக்கு ஒரு கதவும் திறக்காமல் வேலை நடக்கும். அங்கே அந்த ஆப் ஓடுகிறதா என்று முதலில் வாப்பாவிடம் கேட்டுவிட்டு மற்றதை வாங்குங்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஓய்வுபெற்ற ஆசிரியர்: பழைய டெஸ்க்டாப் ஒன்று சும்மா கிடக்கிறது. அதையே ஓட்டலாமே?

ஓட்டலாம் சார், கரண்ட் கணக்கைப் பார்த்துவிட்டு ஓட்டுங்கள். சும்மா நிற்கும்போதே 60 வாட் இழுக்கும் பெட்டி ரெண்டு மாதத்தில் 86 யூனிட் எடுக்கும். 10 வாட் மினி பிசி 14 யூனிட்டோடு நின்றுவிடும். வீட்டு இணைப்புக்கு ரெண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். அதில் பெரும்பங்கைப் பழைய பெட்டியே தின்றுவிடும். ஏசி ஓடும் வீடாக இருந்து 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண வீதமே மாறும். சும்மா கிடக்கிற பெட்டி சும்மா ஓடாது சார்.

ஆபீஸ்களில் கழித்துவிடும் சின்னப் பெட்டிகள் உண்டு, ஆப்டிபிளெக்ஸ் மைக்ரோ, திங்க்சென்டர் டைனி மாதிரி. செகண்ட்ஹேண்டில் எடுத்தால் என் கணக்கில் அதுதான் காசுக்கு ஏற்ற பெட்டி. வாங்குவதற்கு முன் மூடியைத் திறந்து பச்சைக் களிம்பு இருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

ராமநாதபுரத்தில் காலேஜ் படிக்கிறேன் அண்ணா. கையில காசு இல்ல, பழைய லேப்டாப் இருக்கு.

அதுவே போதும். டெபியன் (இலவச லினக்ஸ்) போட்டுப் படி. பேட்டரி இருப்பதால் கரண்ட் போனாலும் அணையாது. ஆனால் எந்நேரமும் சார்ஜில் கிடந்தால் பேட்டரி உப்பும். 80 சதவீதத்தில் நிறுத்தும் செட்டிங் இருந்தால் போடு. டச்பேட் மேலே எழும்பினால் அன்றைக்கே பேட்டரியைக் கழற்றச் சொல்லிக் கொண்டு வா.

பாம்பன்: ராத்திரி ஆஃப் பண்ணி, பிளாஸ்டிக் கவர் போட்டு மூடி வச்சா உப்பு ஏறாதுல்ல?

தப்பு, இது ரொம்பப் பேர் செய்வது. சாப்பாட்டு உப்பு சுமார் 75 சதவீத ஈரப்பதத்துக்கு மேல் காற்றிலிருந்து தானாகவே தண்ணீரை இழுத்துக் கரையும். நம் கரையில் விடிகாலையில் அந்த ஈரம் சாதாரணம். போர்டில் படிந்த உப்பு கரைந்தால் கரண்ட் கடத்தும், செம்பைத் தின்னும். ஓடுகிற பெட்டி வெதுவெதுப்பாக இருக்கும், அதன் மேல் ஈரம் தங்காது. ஆறிப்போன பெட்டியில்தான் தங்கும். சர்வரை அணைக்காதீர்கள், கவர் போடாதீர்கள். காரைக்குடி மத்திய மின் வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் அரிமானத்தை ஆராய மண்டபத்தில் ஒரு மையமே வைத்திருக்கிறது. நம் காற்று அப்படிப்பட்டது.

சாதாரண ஹார்ட் டிஸ்கிலும் காற்று போய்வர ஒரு சின்னத் துளை உண்டு, உள்ளே ஃபில்டரோடு. அதை ஒட்டி மூடிவிடாதீர்கள். ஹீலியம் நிரப்பிய பெரிய டிஸ்குகள் மட்டும்தான் முழுக்க மூடியவை.

தொண்டியில் இ-சேவை மையம் நடத்தும் அக்கா: இன்வெர்ட்டர் இருக்கு, தனியா யூபிஎஸ் வேணுமா?

இன்வெர்ட்டரில் யூபிஎஸ் மோட் (கரண்ட் போனதும் பெட்டி அணையாதபடி உடனே மாறும் செட்டிங்) இருக்கிறதா பாருங்க அக்கா. அதில் போட்டால் மினி பிசிக்குப் பெரும்பாலும் போதும். ரவுட்டரையும் அதே லைனில் மாட்டுங்க, அதை மறந்துவிட்டு சர்வர் டவுன் என்று கூப்பிடுகிறவர்கள் அதிகம். பயாஸில் (கம்ப்யூட்டர் ஆன் ஆகும்போதே திறக்கும் செட்டிங் பக்கம்), கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும்படி வையுங்க. வாடைக் காற்றோடு மழை வரும் ஐப்பசி, கார்த்திகையில் எர்த் கம்பியை ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்க, மண்ணுக்குள் துரு தின்றிருக்கும்.

கருவாட்டுக் கடை வெப்சைட்டை வீட்டு சர்வர்லயே போடலாமா? கடைப் பேர்ல மெயிலும்?

வெப்சைட்டை வாடகை சர்வரில் போடுங்கள், புயல் எச்சரிக்கை நாளில் உங்கள் லைன் போனாலும் ஆர்டர் வரும். மெயில் வேண்டவே வேண்டாம். வீட்டு ஐபியிலிருந்து போகும் மெயிலைப் பெரிய கம்பெனிகள் ஸ்பாமில் தள்ளிவிடும். கணக்கு, ஸ்டாக், பில் வீட்டுப் பெட்டியில் இருக்கட்டும்.

ராஸ்பெரி பை?

கையளவு கம்ப்யூட்டர் அது, ப்ரோகிராம் எழுதிப் பழக நல்லது. மெமரி கார்டில் ஓட்டாதீர்கள், எஸ்எஸ்டி மாட்டுங்கள்.

அண்ணே, தங்கச்சிமடம் திரும்பவும். வீட்டுல எங்க வைக்கிறது?

கடலைப் பார்த்த ஜன்னல் இல்லாத உள்ரூம். தரையிலிருந்து மூன்றடி உயரம், தண்ணீர் ஏறினாலும் எட்டாதபடி. சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம் வேண்டாம். ஃபில்டரைப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை நல்ல தண்ணீரில் கழுவு, போர் தண்ணீரில் கழுவாதே, அதுவும் உப்புதான். நன்றாகக் காய்ந்த பிறகு மாட்டு.