மூளையின் இரசாயனமும் மனச்சோர்வும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மனைவி கொழுந்து பறிக்கிறவர். மூன்று மாதமாகத் தூக்கமில்லை, சாப்பாடு இறங்கவில்லை, பிள்ளைகளோடுகூடப் பேச்சில்லை. கிளினிக்கில் மனச்சோர்வு என்று சொல்லி புளுவொக்செட்டின் 20 மில்லிகிராம் கொடுத்தார்கள். பத்து நாளாகிறது, வயிற்றைப் பிரட்டுவதைத் தவிர வேறு மாற்றமில்லை. மூளையில் செரோடோனின் குறைந்துவிட்டது, கொழும்பில் இரத்தம் சோதித்தால் தெரியும் என்கிறார் ஒருவர். சோதிக்கலாமா, மருந்தை நிறுத்தலாமா?
– வாசகர், ஹட்டன்

பதில்: இரண்டும் வேண்டாம். கொழும்புக்குப் போகிற காசை மிச்சம் பிடியுங்கள். செரோடோனின் என்பது நரம்புக் கலங்களுக்கு இடையில் செய்தி கடத்தும் ஓர் இரசாயனம். உடம்பிலுள்ள செரோடோனினில் ஏறத்தாழ 90 சதவீதம் குடலில் இருக்கிறது. இரத்தத்தில் ஓடும் செரோடோனின் மூளைக்குள் நுழையாது. ஆகவே இரத்தத்தில் அதை அளந்து மூளையின் நிலையைச் சொல்ல முடியாது. பார்க்க வேண்டிய சோதனைகள் தைரொயிட்டும் ஹீமோகுளோபினும்தான். தைரொயிட் மந்தமானாலும் இரத்தசோகை இருந்தாலும் இதே களைப்பு வரும். கிளினிக்கில் இந்த இரண்டையும் கேட்டு வாங்குங்கள்.

‘செரோடோனின் குறைவு’ என்ற பேச்சுக்கு ஒரு பழைய கதை உண்டு. 1950களில் காசநோய்க்குக் கொடுத்த இப்ரோனியாசிட் என்ற மருந்து நோயாளிகளின் மனத்தையும் உற்சாகப்படுத்தியது. செரோடோனினும், அதைப் போலவே செய்தி கடத்தும் நோரட்ரினலினும் உடைந்துபோவதை அது தடுக்கிறது என்று தெரிந்ததும், அவை குறைவதால்தான் சோர்வு வருகிறது என்று 1960களில் கணக்குப் போட்டார்கள். பனடோல் போட்டால் காய்ச்சல் இறங்குகிறது என்பதற்காக, உடம்பில் பனடோல் குறைந்துதான் காய்ச்சல் வந்தது என்று யாரும் சொல்வதில்லையே! சோர்வுள்ளவர்களிடம் செரோடோனின் குறைந்திருப்பதற்கு உறுதியான சான்று இல்லை என்றே 2022இல் வந்த ஆய்வுத் தொகுப்பும் சொன்னது. உடனே சிலர் ‘மருந்தே பொய்’ என்று கிளம்பினார்கள். அதுவும் தப்பு. 21 மருந்துகளை ஒப்பிட்ட 2018ஆம் ஆண்டு ஆய்வில், எல்லாமே மருந்தில்லாத வெற்றுக் குளிசையை விடக் கூடுதலாகப் பலன் தந்தன. பெரிய வித்தியாசம் என்று சொல்ல முடியாது, ஆனால் வித்தியாசம் உண்டு.

குளிசை விழுங்கிய சில மணி நேரத்திலேயே நரம்புக் கலங்களுக்கு இடையில் செரோடோனின் கூடிவிடும். மனம் தேறத் தொடங்குவதற்கோ 2 முதல் 4 வாரம் பிடிக்கும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம். இடைப்பட்ட நாட்களில் கலங்கள் செரோடோனினைப் பிடித்துக்கொள்ளும் தம் ஏற்பிகளை மாற்றி அமைக்கின்றன, புதிய இணைப்புகளை வளர்க்கின்றன. சுகம் தருவது இந்த மெதுவான வேலைதான் என்பது இன்றைய கருத்து. பத்தாம் நாளில் நிறுத்தினால் தொல்லையை மட்டும் அனுபவித்துவிட்டுப் பலனை விட்டுவிடுகிறீர்கள். குடலிலும் இதே செரோடோனின் வேலை செய்வதால்தான் வயிறு பிரட்டுகிறது. பெரும்பாலும் இரண்டு வாரத்துக்குள் அடங்கும். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு கொடுங்கள், இரவில் கொடுத்தால் தூக்கம் இன்னும் கெடலாம். நான்கு வாரம் கழித்தும் எள்ளளவும் மாற்றமில்லை என்றால் அளவைக் கூட்டவோ மருந்தை மாற்றவோ டொக்டரிடம் பேசுங்கள்.

கூடை சுமந்து முதுகு வலிக்கிறது என்று பாமசியில் ட்ரமடோலோ டைக்ளோபெனக்கோ வாங்கிப் போடக் கூடாது. முன்னது இந்த மருந்தோடு சேர்ந்தால் நடுக்கம், வியர்வை, காய்ச்சல் என்று ஆபத்தாகலாம். பின்னது வயிற்றில் இரத்தக் கசிவைக் கூட்டும். பனடோல் போதும். முதல் சில வாரங்களில் பதற்றம் கூடுகிறதா என்று பாருங்கள், 25 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் என்றால் இன்னும் கவனம். தூக்கமே இல்லாமல் அளவுக்கு மீறிய உற்சாகமும் ஓயாத பேச்சும் வந்தால் உடனே டொக்டருக்குச் சொல்லுங்கள், அது வேறு நோயின் அறிகுறியாக இருக்கலாம். ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. ஆளைத் தனியே விடாதீர்கள், மருந்துகளை நீங்களே பூட்டி வையுங்கள். தேசிய மனநல உதவி இலக்கம் 1926, எந்த நேரமும் அழைக்கலாம்.

கேள்வி: ஜூன், ஜூலையில் மழையும் மூட்டமும் வந்தால் எங்கள் லயத்தில் பலருக்கும் மனம் சுருங்கிவிடுகிறது. வெயில் குறைவதுதான் காரணமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: ஓரளவுக்கு. குளிர்காலத்தில் பகல் மிகவும் சுருங்கும் வட நாடுகளில் பருவகாலச் சோர்வு உண்டு. நம் மலையகத்தில் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் ஒரு மணி நேரம்கூட வித்தியாசமில்லை. ஆனால் ஒரே சன்னல் உள்ள லயக் காம்பராவில் வெளிச்சம் 100, 200 லக்ஸ்தான் வரும் (லக்ஸ் என்பது வெளிச்சத்தை அளக்கும் அலகு). மூட்டமான நாளிலும் வெளியே ஆயிரக்கணக்கில் இருக்கும். கண் வழியே வரும் அந்த வெளிச்சம்தான் மூளையிலுள்ள உடற்கடிகாரத்தைத் திருத்தி, இரவில் தூக்கத்துக்கான மெலடோனின் என்ற ஹோர்மோன் நேரத்துக்குச் சுரக்க வைக்கிறது. காலையில் அரை மணி நேரம் வாசலிலாவது நில்லுங்கள். இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: அந்த மாதங்களில் அரைப்பேர் (அரைநாள் சம்பளம்) விழுந்து கையில் காசு குறைகிறது. அந்தக் கவலையும் கோர்ட்டிசோல் என்ற மன அழுத்த ஹோர்மோனை உயர்த்தித் தூக்கத்தைக் கெடுக்கும். எல்லாப் பழியையும் வானத்தின் மேல் போட வேண்டாம்.

கேள்வி: மனச்சோர்வுக்கு செர்ட்ரலின் என்ற மருந்து 50 மில்லிகிராம் குடித்து இரண்டு மாதமாக நன்றாக இருக்கிறேன். பழகிவிடும் என்று பயமாக இருக்கிறது, நிறுத்தலாமா?
– வாசகர், பதுளை

பதில்: இப்போது வேண்டாம். முழுச் சுகம் வந்த பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். சோர்வு திரும்பத் திரும்ப வந்தவர்கள் இரண்டு வருடம் வரைக்கும். சாராயத்தைப் போல ஆசை கூடி அளவு ஏறுகிற மருந்தல்ல இது. ஆனாலும் உடம்பு அதற்குப் பழகியிருக்கும். சட்டென்று விட்டால் தலைசுற்றல், எரிச்சல், தலைக்குள் கரண்ட் அடித்தது போன்ற உணர்வு எல்லாம் வரும். டொக்டர் சொல்லி நிறுத்தும்போதும் 25 மில்லிகிராமுக்குக் குறைத்துச் சில வாரம் கழித்தே விடுவார்கள். கிளினிக் திகதி தவறினால் குளிசை முடியும் வரை காத்திராமல், கொப்பியோடு பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கள். ஒரு வேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போட வேண்டாம்.

கேள்வி: வாழைப்பழத்தில் செரோடோனின் இருக்கிறதாமே, சாப்பிட்டால் மனம் தேறுமா?
– வாசகி, பண்டாரவளை

பதில்: இருக்கிறது, மூளைக்குத்தான் போகாது. பசிக்குச் சாப்பிடுங்கள். இரத்தசோகைக்கு இரும்புச் சத்துக் குளிசை எடுப்பவர்கள் அதை பிளேன்டியோடு விழுங்காமல் ஒரு மணி நேரம் முன்போ பின்போ தள்ளி எடுக்க வேண்டும். தேயிலையிலுள்ள டனின் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.