தாழ்வு மண்டலம்னாலே அப்பா தூங்க மாட்டேங்குறாரு

கேள்வி: எங்க ஊரு பேராவூரணி பக்கம், நான் கல்யாணமாகி திருப்பூர்ல இருக்கேன். கஜா புயல்ல அப்பாவோட தோப்புல 140 தென்னை இருந்ததுல 9 தான் மிஞ்சுச்சு. அப்புறம் வச்ச கன்னுங்க இப்போ காய்க்கவே ஆரம்பிச்சாச்சு. ஆனா டிவில காற்றழுத்த தாழ்வுன்னு சொன்னாலே அப்பாவுக்கு சோறு எறங்காது, ராத்திரி முழுக்க திண்ணையில உக்காந்திருப்பாரு, காத்து கூடுனா டார்ச்ச எடுத்துகிட்டு தோப்புக்கு கெளம்பிடுறாரு. "ஏழு வருஷம் ஆச்சு, இன்னுமா"ன்னு தம்பி சத்தம் போடுறான். என்ன பண்றதுன்னே தெரியல.
- வாசகி, திருப்பூர்

பதில்: மொதல்ல தம்பிய அந்த "இன்னுமா"ங்குறத நிறுத்தச் சொல்லுங்கம்மா. நானும் வேதாரண்யத்துக்காரிதான், 2018 நவம்பர் 15 ராத்திரி ஊர்லதான் இருந்தேன். நடுராத்திரி தாண்டி, அதாவது 16ந் தேதி பொறந்த பிறகு, நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரை ஏறுச்சு. வடக்கேர்ந்து அடிச்ச காத்துல ஓடு ஒண்ணொண்ணா பறக்குது, தோப்புல மரம் மடார் மடார்னு முறியுற சத்தம், திடீர்னு எல்லாம் நின்னு போச்சு, முடிஞ்சுதுன்னு நெனச்சு சித்தப்பா மாட்ட பாக்க வெளில போனாரு, கொஞ்ச நேரத்துல தெக்கேர்ந்து திரும்பவும் அடிக்குது பாருங்க, மனுஷன் கொட்டகை தூண கட்டிப் புடிச்சுகிட்டுதான் உயிர் பொழச்சாரு. புயலோட கண்ணு தலைக்கு மேல வர்றப்ப அப்படித்தான் அமைதியாகும், அது கடந்ததும் எதிர்பக்கத்துலேர்ந்து காத்து வரும். அதனால உங்கப்பா டார்ச்ச எடுக்குறாருன்னா தோப்புக்கு மட்டும் போக விடாதீங்க, காத்து நின்னுடுச்சுன்னு சொன்னாலும் போக விடாதீங்க.

விடிஞ்சு பாத்தா வீட்டு வாசல்லேர்ந்து என்னிக்குமே தெரியாத தூரம் வரைக்கும் வானம் தெரியுது. எனக்கு இன்னும் கண்ணுல நிக்கிறது வேற ஒண்ணு, வேரோட சாஞ்ச தென்னை உடனே காயாது. நாள் கணக்கா மட்டை பச்சையாவே இருக்கும், பாளைல குரும்பை அப்படியே இருக்கும், குடிக்க தண்ணி இல்லாம அந்த மரத்து எளநியதான் வெட்டிக் குடிச்சோம். செத்ததுன்னு நம்பவும் முடியல, நிமித்தி நடவும் முடியல. தென்னம்பிள்ளைன்னுதானே நாம சொல்றோம்.

ஒரு மரத்துக்கு அரசு குடுத்தது 1100 ரூபா, அதுலயும் 500 ரூபா வெட்டி அப்புறப்படுத்த. நெட்டை ரகம் காய்ப்புக்கு வர ஆறேழு வருஷம் ஆகும், அறுபது வயசுல ஒருத்தர் திரும்பவும் கன்னு வைக்கிறாருன்னா அந்த ஆறேழு வருஷத்தையும் பயந்துகிட்டேதான் ஓட்டியிருப்பாரு. அதுக்கு மேல அப்புறப்படுத்த முடியாம கெடந்த மரம் மக்கி அதுல காண்டாமிருக வண்டு முட்டை வச்சு அது வந்து புதுக் கன்னோட குருத்த கொடையும். புயல் ஒரு ராத்திரிதான், அவரு பட்டது ஏழு வருஷம். இப்போதான் காய் பாக்குறாரு, இப்போதான் திரும்ப இழக்குறதுக்குன்னு ஒண்ணு அவருகிட்ட இருக்கு, அதான் பயம் கூடுது.

பயப்படாதீங்கன்னு சொன்னா கேக்க மாட்டாரு, பகல்ல வேலை குடுங்க. தாழ்வுப் பகுதி எல்லாமே புயலாகாது, தாழ்வு மண்டலம், ஆழ்ந்த தாழ்வு மண்டலம்னு ஏறி, காத்து மணிக்கு 62 கிலோமீட்டரை தொட்டாதான் புயல்னு பேரே வைப்பாங்க. டிவி கத்தலை நிறுத்திட்டு வானிலை மையத்தோட அறிக்கைய மட்டும் தம்பி ரெண்டு வேளை படிச்சுக் காட்டட்டும். புயல்னு உறுதியானா முத்துன காயையும் கீழ்மட்டையையும் முன்னாடியே எறக்கிடுங்க, தலைப்பாரம் கொறையும், அவரும் நம்மால ஆனத செஞ்சோம்னு இருப்பாரு. தென்னை வளர்ச்சி வாரியத்தோட காப்பீட்டுத் திட்டம் இருக்கு, வேளாண் ஆபீஸ்ல விசாரிங்க. மழை விட்ட பிறகும் வாரக்கணக்குல தூக்கம் வரலன்னா டாக்டர்கிட்ட கூட்டிட்டு போங்க, 14416ன்னு அரசோட மனநல உதவி எண் இருக்கு, அதுக்கு போன் போட்டா இலவசமா தமிழ்லயே பேசுவாங்க, இதுல வெக்கப்பட எதுவும் இல்ல.

இன்னொண்ணு, எங்கப்பாகிட்ட அந்த மரங்கள பத்தி கேக்க எனக்கு ரெண்டு வருஷம் ஆச்சு. கேட்டா வருத்தப்படுவாருன்னு வாயத் தொறக்காமலே இருந்தோம். ஒரு நாள் சும்மா கேட்டேன், கெணத்தடி மரத்துலேர்ந்து ஆரம்பிச்சு எது யாரு பொறந்தப்ப வச்சது, எது வீட்டுக்கு மட்டும்னு ஒதுக்குனதுன்னு விரல் விட்டு முப்பத்தொண்ணு வரைக்கும் சொன்னாரு, அப்புறம் அழுதுட்டாரு. நானும்தான். அடுத்த தடவை ஊருக்கு போறப்ப தம்பியயும் கூட்டிகிட்டு அப்பாவோட தோப்புக்குள்ள ஒரு சுத்து நடங்க. 9 மரம் மிஞ்சுச்சுன்னு எழுதியிருக்கீங்களே, அதுலேர்ந்து கேக்க ஆரம்பிங்க.